கான்ஸ்டன்ஸின் நகைப்பெட்டி

1773ஆம் ஆண்டு மார்ச் 15ஆம் நாள் இரவு, லண்டன் கோவென்ட் கார்டன் அரங்கில் ஒரு நகைப்பெட்டி மேடையேறியது. வைத்துக் காத்தவளிடமிருந்து அது அவள் மகன் கைக்குப் போனது. மகனிடமிருந்து காதலனுக்கும், காதலனிடமிருந்து நண்பனுக்கும் போய், கடைசியில் வைத்துக் காத்தவளிடமே திரும்பி வந்து சேர்ந்தது. இத்தனை கை மாறியும் ஒரே ஒருத்தியின் கைக்கு மட்டும் வரவில்லை. நகைகளுக்கு உரியவளே அந்த ஒருத்தி.

நாடகம் ஆலிவர் கோல்ட்ஸ்மித்தின் 'ஷீ ஸ்டூப்ஸ் டு கான்கர்'. நம் கல்லூரிகளில் ஆங்கில இலக்கியம் படித்த பலரும் இதைப் பாடமாக வாசித்திருப்பார்கள். கேட் ஹார்ட்காஸ்ல் என்னும் பெண் பணிப்பெண்ணாக நடித்து, கூச்ச சுபாவம் கொண்ட மார்லோவின் மனத்தை வெல்லும் கதை அவர்களுக்கு நினைவிருக்கும். தேர்விலும் அதைத்தான் கேட்பார்கள். இன்றைய பேச்சு அந்த ஜோடியைப் பற்றியதன்று. அதே வீட்டில், அதே இரவில், ஓடிப்போகத் திட்டமிட்ட இன்னொரு ஜோடி இருக்கிறது. கான்ஸ்டன்ஸ் நெவில், ஜார்ஜ் ஹேஸ்டிங்ஸ். இவர்களைத் துணைக்கதை என்று ஒதுக்கிவிடுவது விமர்சகர்களின் வழக்கம். இந்த நாடகத்தின் முதுகெலும்பே இவர்களுடைய கதைதான் என்பதைக் காட்ட முயல்வதே இந்த உரை.

முதலில் வீட்டுக்குள் போவோம். லண்டனிலிருந்து எட்டத்தில் பழைய பண்ணை வீடு. சத்திரம் போலத் தோற்றமளிக்கும் அந்த வீட்டின் தலைவர் ஹார்ட்காஸ்ல். பழைய போர்க்கதைகளைச் சொல்லி மகிழ்பவர். அவருடைய மனைவிக்கு இது இரண்டாம் திருமணம். முதல் கணவருக்குப் பிறந்த மகன் டோனி லம்ப்கின். ஆண்டுக்கு 1,500 பவுண்டு வருமானத்துக்கு வாரிசு. எழுத்து வாசிப்பு மிகக் குறைவு. ஊர்ச் சாராயக் கடையும் குதிரை லாயமும்தான் அவனுக்குப் பள்ளிக்கூடம். இந்த வீட்டில் தந்தையை இழந்த கான்ஸ்டன்ஸ், தன் அத்தையான திருமதி ஹார்ட்காஸ்லின் பாதுகாப்பில் வளர்கிறாள். அவளுக்கென்று உள்ள சொத்து, பெரும்பாலும் நகைகள். அவற்றை வைத்திருப்பவள் அத்தை. அத்தையின் திட்டம் எளிமையானது: கான்ஸ்டன்ஸை டோனிக்குக் கட்டிவைத்துவிட்டால் நகை வீட்டைவிட்டு வெளியே போகாது. சொத்து கைமாறக் கூடாது என்பதற்காகச் சொந்தத்திலேயே முடிச்சுப் போடும் கணக்கை நம்மவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

டோனிக்கு கான்ஸ்டன்ஸ் மேல் துளி ஆசையும் இல்லை. அவன் மனம் பெட் பவுன்சர் என்னும் வேறொரு பெண்ணிடம் இருக்கிறது. கான்ஸ்டன்ஸுக்கோ ஹேஸ்டிங்ஸ். ஒரு முக்கியமான செய்தியை கோல்ட்ஸ்மித் கடைசிக் காட்சிவரை பொத்தி வைத்திருக்கிறார். ஹேஸ்டிங்ஸ் அவளிடம் பழகத் தொடங்கியது அவளுடைய தந்தையின் சம்மதத்தோடுதான். தந்தை இறந்தார், பொறுப்பு அத்தையிடம் வந்தது, சம்மதம் செத்துப்போனது. இந்த ஓடிப்போதலில் பெற்றவரை மீறிய குற்றம் இல்லை.

ஓடிப்போவது அன்று அவ்வளவு பெரிய விஷயமாக இருந்ததற்குச் சட்டம் ஒரு காரணம். 1753இல் ஹார்ட்விக் பிரபு கொண்டுவந்த திருமணச் சட்டம், அடுத்த ஆண்டு மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. தேவாலயத்தில் முன்னறிவிப்போ முறையான உரிமமோ இல்லாத திருமணம் செல்லாது. 21 வயது நிரம்பாதவர் உரிமம் பெற்று மணக்க, தந்தை அல்லது காப்பாளரின் சம்மதம் வேண்டும். இந்தச் சட்டம் ஸ்காட்லாந்துக்குப் பொருந்தாததால்தான் எல்லையோரத்து கிரெட்னா கிரீன் என்ற சிற்றூர் ஓடிவந்த காதலர்களின் ஊராகப் பெயர் பெற்றது. கடல் தாண்டி பிரான்ஸுக்குப் போவது இன்னொரு வழி. ஹேஸ்டிங்ஸ் சொல்வது அந்த வழியைத்தான். அங்கே அடிமைகளின் திருமணத்துக்குக்கூட மதிப்பு உண்டு என்ற பொருளில் அவன் பேசும் இடத்தில் அரங்கம் அதிர்ந்தது. அதற்கு முந்தைய ஆண்டுதான் மூன்றாம் ஜார்ஜ் மன்னர், தன் குடும்பத்தார் தன் அனுமதியின்றி மணக்கக் கூடாது என்று அரச குடும்பத் திருமணச் சட்டத்தைக் கொண்டுவந்திருந்தார். மன்னரின் தம்பி குளோஸ்டர் கோமகன் 1766லேயே ரகசியமாக ஒரு விதவையை மணந்திருந்தவர். அவரும் நாடகம் பார்க்க வந்திருந்தார். கூட்டம் அவர் பக்கம் திரும்பிக் கைதட்டியது. மேடையில் ஒரு சாதாரணக் காதலன் பேசிய பேச்சு, அரண்மனைவரை போய்த் தைத்தது.

இனி நகைக்கு வருவோம். இந்த நகைகளின் பூர்விகத்தை கான்ஸ்டன்ஸே ஒரு வார்த்தையில் சொல்லிவிடுகிறாள். அவை அவளுடைய மாமா விட்டுச்சென்றவை. அவர் 'இந்தியா இயக்குநர்'. அதாவது கிழக்கிந்தியக் கம்பெனியை லண்டன் லெடன்ஹால் தெருவில் உட்கார்ந்து நிர்வகித்த 24 இயக்குநர்களில் ஒருவர். 1773இல் இந்த வார்த்தை வெறும் வார்த்தையாக இருந்திருக்க முடியாது. வங்காளத்தைப் பஞ்சம் சூறையாடி மூன்றே ஆண்டுகள் ஆகியிருந்தன. கம்பெனியின் கொள்ளை லாபத்தைப் பற்றி நாடாளுமன்றம் விசாரித்துக்கொண்டிருந்தது. அதே ஆண்டில்தான் கம்பெனியைக் கட்டுப்படுத்தும் ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. இந்தியாவில் பணம் சேர்த்துத் திரும்பியவர்களைத் தோலுரிக்கும் சாமுவேல் ஃபுட்டின் 'தி நபாப்' அதற்கு முந்தைய ஆண்டுதான் மேடையேறியிருந்தது.

கம்பெனிக்காரர்கள் தங்கள் செல்வத்தை ஊருக்கு அனுப்ப விரும்பிய வழிகளில் வைரம் முக்கியமானது. சிறியது, கனமற்றது, எங்கும் விலைபோவது. அந்த வைர வணிகத்தின் பெரிய வாசல் நம் சென்னை. கிருஷ்ணை ஆற்றங்கரைச் சுரங்கங்களில் எடுத்த கல் புனித ஜார்ஜ் கோட்டைக்கு வந்து கப்பலேறியது. மத்தியதரைக் கடல் பவளத்தைக் கொண்டுவந்து கொடுத்து வைரத்தை வாங்கிச் சென்ற யூத வணிகர்களின் நினைவாக ஜார்ஜ் டவுனில் பவளக்காரத் தெரு இன்றும் இருக்கிறது. கோட்டையின் ஆளுநர் தாமஸ் பிட் 48,000 பகோடாவுக்கு வாங்கிய 410 காரட் கல், வெட்டித் தீட்டப்பட்டு 1717இல் பிரான்ஸின் அரசப் பிரதிநிதிக்கு 1,35,000 பவுண்டுக்கு விற்கப்பட்டது. இன்று பாரிஸ் லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கான்ஸ்டன்ஸின் நகையில் இருந்த கல் எங்கிருந்து வந்தது என்று கோல்ட்ஸ்மித் சொல்லவில்லை. அவருடைய பார்வையாளர்களுக்குச் சொல்ல வேண்டிய தேவையும் இல்லை. 'இந்தியா இயக்குநர்' என்ற சொல்லே பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்பதைக் காட்டிவிட்டது.

இந்த நகையை அத்தையிடமிருந்து வாங்கும் வழியை கான்ஸ்டன்ஸ் நெடுநாளாகத் தேடிக்கொண்டிருக்கிறாள். அவள் கேட்பது நகையைக் கொடுத்துவிடுங்கள் என்றல்ல. ஒரு நாள் அணிந்துகொள்கிறேன் என்றுதான். அணிந்த நொடியே ஹேஸ்டிங்ஸோடு புறப்பட்டுவிட வேண்டும் என்பது உள்ளே இருக்கும் எண்ணம். ஹேஸ்டிங்ஸ் பொறுமையில்லாதவன். நகையும் கிகையும் எதற்கு, நீ வந்தால் போதும் என்கிறான். அவள் அசைவதில்லை. இதைக் கவனித்து வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் இது மீண்டும் வரும்.

மூன்றாம் அங்கத்தில் அவள் நேரடியாகவே கேட்கிறாள். அத்தை தரும் பதில் எல்லாம் அக்கறை போலவே ஒலிக்கும். உன் வயதில் நகை எதற்கு, உனக்குத்தான் இயற்கை அழகு இருக்கிறதே என்கிறாள். நகை போடுவது இப்போது நாகரிகமே இல்லை, நமக்குத் தெரிந்த பாதிப் பெண்கள் தங்கள் நகையை நகரத்துக்குக் கொண்டுபோய்ப் போலிக்கல்லோடு திரும்பி வந்திருக்கிறார்கள் என்கிறாள். அன்று ஈயம் கலந்த கண்ணாடியைப் பட்டை தீட்டி வைரம் போல மின்னச் செய்யும் கலை நன்றாக வளர்ந்திருந்தது. கடன்பட்ட சீமாட்டிகள் அசலை விற்றுப் போலியை அணிந்தது ஊரறிந்த ரகசியம். அத்தையின் சாக்கு வெறும் கற்பனை இல்லை. உண்மையான ஒரு செய்தியை எடுத்துத் தன் பேராசைக்குத் திரையாக்குகிறாள். நாடகாசிரியரின் கைவண்ணம் இந்தச் சின்ன இடத்தில்தான் தெரிகிறது.

கான்ஸ்டன்ஸ் விடவில்லை. அப்போது டோனி அம்மாவைத் தனியே அழைத்து யோசனை சொல்கிறான். நகை காணாமல் போய்விட்டது என்று சொல்லிவிடு, அவள் வாயை அடைக்க அதுதான் வழி, நான் சாட்சி சொல்கிறேன். அத்தைக்கு யோசனை பிடித்துவிடுகிறது. அப்படியே சொல்கிறாள். டோனி முகத்தை அப்பாவியாக வைத்துக்கொண்டு சாட்சியும் சொல்கிறான். அசலுக்கு ஈடாகத் தன்னுடைய கார்னெட் கல் நகையைத் தருகிறேன் என்று பெருந்தன்மை காட்டி அதை எடுக்க உள்ளே போகிறாள் அத்தை. அந்த நொடியில்தான் டோனி கான்ஸ்டன்ஸிடம் உண்மையைச் சொல்கிறான். அம்மாவின் இழுப்பறைச் சாவிகள் அவனிடம் உண்டு. நகை ஏற்கெனவே ஹேஸ்டிங்ஸிடம் போய்விட்டது.

உள்ளேயிருந்து அலறல். கொள்ளை, கொள்ளை என்று ஓடிவருகிறாள் அத்தை. பொய்யாகச் சொன்னது இப்போது உண்மையாகிவிட்டது. ஆனால் டோனியோ அவள் இன்னும் நடிக்கிறாள் என்று நினைப்பது போல, இவ்வளவு நன்றாக யாரும் நடித்ததில்லை என்று பாராட்டுகிறான். அவள் நிஜமாகவே போய்விட்டது என்று கத்தக் கத்த, அவன் நான் சாட்சி சொல்கிறேன், சாட்சி சொல்கிறேன் என்கிறான். கடைசியில் ஆத்திரம் தாங்காமல் மகனை விரட்டியடித்துக்கொண்டு மேடையை விட்டு ஓடுகிறாள். அத்தையின் பொய்யே அத்தைக்குச் சங்கிலியாகிறது. தான் சொன்ன பொய்யை உண்மை என்று நிரூபிக்க ஒருத்தி படும் பாடு உலக நகைச்சுவை நாடகங்களில் இவ்வளவு சுருக்கமாக, இவ்வளவு நிறைவாக வந்த இடங்கள் மிகச் சில.

இது திருட்டா? அன்றைய சட்டப்படி விளையாட்டுக்குரிய கேள்வி இல்லை இது. 1713இன் சட்டம் ஒன்று, குடியிருக்கும் வீட்டிலிருந்து 40 ஷில்லிங்கும் அதற்கு மேலும் மதிப்புள்ள பொருளைத் திருடினால் தூக்கு என்றது. அந்த நகைகளின் மதிப்பு அதைப் போல எத்தனையோ மடங்கு இருக்கும். பார்வையாளர்களில் பலர் டைபர்ன் தூக்குமேடையை நேரில் பார்த்தவர்கள். ஆனாலும் அவர்கள் சிரித்தார்கள், டோனியின் பக்கம் நின்றார்கள். காரணம், பெட்டி யாருடையது என்பதை கோல்ட்ஸ்மித் அவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டார். உரியவளிடம் கொடுக்காமல் வைத்திருப்பவள் ஒருபுறம். அதை எடுத்து உரியவளின் காதலனிடம் சேர்ப்பவன் மறுபுறம். யார் திருடர் என்ற தீர்ப்பைப் பார்வையாளரின் சிரிப்பிடமே விட்டுவிடுகிறார்.

ஷேக்ஸ்பியரின் 'வெனிஸ் வணிகன்' நாடகத்தில் ஜெசிக்கா தந்தை ஷைலாக்கின் பெட்டியோடு லொரென்ஸோவுடன் ஓடுகிறாள். அங்கே பறிபோவது தந்தையின் உடைமை. அவற்றுள், இறந்த மனைவி தனக்குத் தந்த நீலப்பச்சைக் கல் மோதிரத்தை மகள் ஒரு குரங்குக்காக விட்டுக்கொடுத்தாள் என்று கேட்கும்போது ஷைலாக்கின் வலி நம்மையும் சுடுகிறது. அந்த நகைச்சுவை நாடகம் அந்த இடத்தில் நகைச்சுவையாக இருப்பதில்லை. கோல்ட்ஸ்மித் தேர்ந்தெடுத்தது வேறு பாதை. அந்த வீட்டில் யாருடைய கண்ணீரும் ஒட்டியிராத நகையை அவர் மேடைக்குக் கொண்டுவந்தார்.

பெட்டி மீண்டும் அத்தையிடம் போன கதை சில வரிகளில் முடியும். ஹேஸ்டிங்ஸ் அதைப் பத்திரமாக வைக்கும்படி நண்பன் மார்லோவுக்கு அனுப்புகிறான். மார்லோவுக்கு இது வீடு என்றே தெரியாது. டோனி குறும்பாகச் சொன்னதை நம்பி, சத்திரம் என்று நினைத்திருக்கிறான். சத்திரத்தில் மதிப்புள்ள பொருளை யாரிடம் ஒப்படைப்பார்கள்? சத்திரக்காரியிடம். ஆகவே அத்தையிடமே போய்ச் சேருகிறது. அவன் செய்தது முழுக்க நியாயமான காரியம். அதுதான் இந்தத் திருப்பத்தை இவ்வளவு சுவையாக்குகிறது.

அடுத்து வரும் கடிதக் காட்சி எனக்கு இந்த நாடகத்திலேயே மிகப் பிடித்தது. ஹேஸ்டிங்ஸ் தோட்டத்தின் அடியில் வண்டியோடு காத்திருக்கிறான். அவனுடைய குதிரைகள் களைத்துப்போயிருக்கின்றன. நல்ல குதிரைகள் வேண்டும், தாமதித்தால் கிழவி சந்தேகப்படுவாள் என்று டோனிக்கு எழுதி அனுப்புகிறான். டோனிக்குக் கையெழுத்தில் தன் பெயரைத் தவிர அதிகம் படிக்க வராது. அம்மா பக்கத்தில் இருக்கிறாள். கான்ஸ்டன்ஸ் சட்டென்று கடிதத்தை வாங்கி, சேவல் சண்டையைப் பற்றிய செய்தி என்று கற்பனையாகப் படிக்கத் தொடங்குகிறாள். அது வெற்றி பெற்றிருக்க வேண்டும். ஆனால் சேவல் சண்டை என்றால் டோனிக்கு உயிர். மீதியை முழுதாகத் தெரிந்துகொள்ளும் ஆசையில் கடிதத்தைப் பிடுங்கி அம்மாவிடமே படிக்கக் கொடுத்துவிடுகிறான். அவளுடைய சாமர்த்தியம்தான் அவளைக் காட்டிக்கொடுக்கிறது.

அத்தை அந்த இரவே கான்ஸ்டன்ஸைத் தொலைவில் உள்ள உறவினர் வீட்டுக்குக் கொண்டுபோய் அடைக்கக் கிளம்புகிறாள். வண்டிக்கு வழிகாட்டுபவன் டோனி. அவன் வீட்டைச் சுற்றியே வட்டமடித்து, மேட்டிலும் பள்ளத்திலும் இறக்கி ஏற்றி, தோட்டத்து அடியில் உள்ள குதிரைக் குளத்தில் கொண்டுபோய் நிறுத்துகிறான். அத்தையோ வீட்டிலிருந்து நாற்பது மைல் தள்ளி வழிப்பறிக்காரர் உலவும் பொட்டலில் இருப்பதாக நம்பி, இருட்டில் வந்த தன் கணவரையே கொள்ளைக்காரன் என்று நினைத்து முழந்தாளிட்டுக் கெஞ்சுகிறாள். சொந்தக் கொல்லைப்புறத்தை நாற்பது மைல் தூரம் என்று ஒருத்தி நம்புவாளா என்று முதல் இரவில் யாரோ இகழ்ச்சியாகச் சீறினார்கள். பதற்றத்தில் அரங்குக்கு வராமல் செயின்ட் ஜேம்ஸ் பூங்காவில் உலவிக்கொண்டிருந்த கோல்ட்ஸ்மித், நண்பர் வற்புறுத்தலால் ஐந்தாம் அங்கத்தில் உள்ளே நுழைந்தபோது காதில் விழுந்த முதல் ஒலி அந்தச் சீறல்தான்.

அந்தப் பதற்றத்துக்குக் காரணம் இருந்தது. அரங்க மேலாளர் ஜார்ஜ் கோல்மன் இந்த நாடகம் தோற்கும் என்று முன்கூட்டியே நம்பினார். நடிகர் வுட்வர்ட் டோனி வேடத்தையும், ஸ்மித் மார்லோ வேடத்தையும் மறுத்தார்கள். கண்ணீரும் நல்லொழுக்கப் பேச்சும் நிறைந்த நாடகங்களே அன்று மதிப்பு பெற்றிருந்தன. சாராயக் கடைக் காட்சியை இழிவு என்று முகம் சுளிக்கும் கூட்டம் இருந்தது. கோல்ட்ஸ்மித்தின் முதல் நாடகத்தில் கடன்காரர் ஏவலாளிகள் வரும் காட்சியை 1768இல் அதே அரங்கத்தில் அந்தக் கூட்டம் கூச்சலிட்டு வெட்ட வைத்தது. அதனால்தான் 1773 ஜனவரியில், சிரிக்க வைக்கும் நாடகத்துக்கும் அழவைக்கும் நாடகத்துக்கும் உள்ள வேறுபாட்டை விளக்கி அவர் கட்டுரை எழுதினார். நாடகம் வென்றது. ஆதரித்து நின்ற சாமுவேல் ஜான்சனுக்கே அதை அர்ப்பணித்தார்.

சத்திரம் என்று வீட்டை நினைத்த நிகழ்ச்சி கோல்ட்ஸ்மித்தின் இளமையில் அயர்லாந்தின் ஆர்டா என்ற ஊரில் நடந்தது என்பது பலரும் சொல்லும் செய்தி. ஊரின் சிறந்த விடுதி எது என்று கேட்ட சிறுவனை ஒரு குறும்பர் செல்வந்தர் ஒருவரின் வீட்டுக்கு அனுப்பிவிட்டார். அவன் போய் அதிகாரத்தோடு உணவுக்கு உத்தரவிட்டான். இந்தக் கதையைப் பின்னாளில் சொன்னவர் அவருடைய அக்கா கேதரின். அந்த அக்காவின் திருமணமும் இந்த நாடகத்துக்குள் இருக்கிறது என்பதை விமர்சகர்கள் அதிகம் பேசுவதில்லை.

கேதரின், டேனியல் ஹாட்சன் என்ற செல்வந்தர் மகனை ரகசியமாக மணந்தார். அந்த இளைஞன் கோல்ட்ஸ்மித்தின் அண்ணனிடம் பாடம் படித்துவந்தவன். தங்கள் பிள்ளையைப் பணத்துக்காக வளைத்துவிட்டார்கள் என்ற பழி வந்துவிடக் கூடாது என்று துடித்தார், ஏழைப் பாதிரியாரான தந்தை. மகளுக்குச் சீதனமாக 400 பவுண்டு தருவதாகப் பத்திரம் எழுதிக்கொடுத்தார். அந்தக் குடும்பத்தால் தாங்க முடியாத தொகை அது. அதன் விளைவு ஆலிவரின் தலையில் விழுந்தது. டப்ளின் டிரினிட்டி கல்லூரியில் அவர் பணிசெய்து படிக்கும் மாணவராகச் சேர வேண்டியதாயிற்று. முற்றம் பெருக்க வேண்டும், உணவு மேசையில் பரிமாற வேண்டும், தனிப்பட்ட அடையாள உடை அணிய வேண்டும். ஒரு ரகசியத் திருமணத்துக்கான கட்டணத்தை ஒரு தம்பி செலுத்தினார்.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு கான்ஸ்டன்ஸின் கடைசி முடிவைப் பாருங்கள். டோனியின் தந்திரத்தால் எல்லாத் தடைகளும் விலகிவிட்டன. குதிரைகள் தயார். அத்தை குளக்கரையில் கிடக்கிறாள். ஹேஸ்டிங்ஸ் அவளைக் கெஞ்சுகிறான். சொத்து போனால் போகட்டும், அன்பு போதும் என்கிறான். அப்போது அவள் மறுக்கிறாள். ஆசையின் வேகத்தில் செல்வத்தைத் துச்சமென்று தள்ளலாம், பின்னால் வருவது நீண்ட வருத்தம் என்ற பொருளில் பேசி, ஹார்ட்காஸ்லிடம் நேரே போய் நியாயம் கேட்போம் என்கிறாள். ஓடிப்போகும் காதல் கதையில் ஓடவேண்டிய இரவில் கதாநாயகி திரும்பி வீட்டுக்கு வருகிறாள்.

இந்த முடிவைக் கேட்டு, கான்ஸ்டன்ஸ் கணக்குப் பார்ப்பவள், காதலில் சூடு இல்லாதவள் என்று சொன்னவர்கள் உண்டு. அந்தத் தீர்ப்பு தவறு. பணமில்லாத ரகசியத் திருமணத்தின் செலவை யாராவது ஒருவர் சுமந்தே ஆக வேண்டும் என்பது கோல்ட்ஸ்மித் வாழ்ந்து கற்றது. அவள் நகையைக் கேட்பது பேராசையால் அன்று. அது அவளுடையது, அதைக் கைவிட அவளுக்குக் கடமை இல்லை. ஹேஸ்டிங்ஸின் பெருந்தன்மைக்கு விலை கொடுக்க வேண்டியவள் அவள்தான். இரண்டே ஆண்டு கழித்து அதே கோவென்ட் கார்டனில் ஷெரிடன் தன் 'ரைவல்ஸ்' நாடகத்தில் லிடியா லாங்விஷ் என்ற பெண்ணைக் கொண்டுவந்தார். தானே 1772இல் எலிசபெத் லின்லியோடு பிரான்ஸுக்கு ஓடியவர் அவர். லிடியாவுக்கு ஓடிப்போவதில்தான் இன்பம். அத்தையின் சம்மதமின்றி மணந்து சொத்தில் பெரும்பகுதியை இழப்பது அவளுக்குப் பெருமை. நாவல்களைப் படித்துக் கெட்ட பெண்ணைச் சித்திரிக்கத் தெரிந்த ஷெரிடனின் திறமைக்கு வணக்கம். ஆனால் இருவரில் பெரியவள் கான்ஸ்டன்ஸ். லிடியாவின் கனவு உடைந்துபோகும். கான்ஸ்டன்ஸின் கோரிக்கை நிறைவேறும்.

நிறைவேறும் விதத்தையும் கவனியுங்கள். அவள் சொத்துக்கு இருந்த நிபந்தனைப்படி, வயதுக்கு வந்த டோனி அவளை மணக்க மறுத்தால்தான் சொத்து முழுதும் அவள் கைக்கு வரும். டோனிக்கு 21 ஆகவில்லை என்பதே அத்தையின் கடைசி ஆயுதம். ஹார்ட்காஸ்ல் உண்மையைப் போட்டு உடைக்கிறார்: அவனுக்கு வயது நிரம்பி மூன்று மாதம் ஆகிவிட்டது. இவ்வளவு நாள் வயதை மறைத்து வைத்திருந்தார்கள். டோனி அந்த இடத்திலேயே முறையாக மறுக்கிறான். ஓடிப்போனதால் கிடைக்காதது, திருடியதால் கிடைக்காதது, ஒரு பிறந்த தேதி வெளிவந்ததால் கிடைத்தது. அந்த வீட்டில் பூட்டி வைக்கப்பட்டிருந்தது நகை மட்டுமன்று.

ஆனால் அந்த வெற்றிக்குப் பின்னும் ஒரு சட்டம் காத்திருந்தது. ஆங்கிலப் பொதுச் சட்டப்படி, மணமான பெண்ணின் அசையும் சொத்து கணவனுடையதாகிவிடும். தனி ஏற்பாடு எழுதி வைக்காத வரையில், கான்ஸ்டன்ஸ் அவ்வளவு பாடுபட்டுப் பெற்ற நகைகளை ஹேஸ்டிங்ஸ் நினைத்தால் விற்கலாம். பெண்ணுக்குரிய சீர்வரிசையை ஸ்திரீதனம் என்று தனியே பிரித்துவைத்த மரபில் வந்தவர்களுக்கு இது வியப்பாக இருக்கும். மணமான பெண் தன் சொத்தைத் தன் பெயரிலேயே வைத்துக்கொள்ளும் முழு உரிமையை இங்கிலாந்து 1882இல்தான் தந்தது. நாடகம் மேடையேறி 109 ஆண்டுகள் கழித்து.

கோல்ட்ஸ்மித் அந்த வெற்றியை நெடுநாள் அனுபவிக்கவில்லை. ஆசிரியருக்குரிய மூன்று இரவுகளின் வருமானமாகச் சுமார் 500 பவுண்டு கிடைத்தது. 1774 ஏப்ரல் 4 அன்று, ஏறக்குறைய 2,000 பவுண்டு கடனோடு இறந்தார். நாடகமோ இன்றுவரை மேடையை விட்டு இறங்கவில்லை.

இங்கே கல்லூரி நாடகக் குழுக்களைச் சேர்ந்தவர்கள் பலர் இருக்கிறீர்கள். இந்த நாடகத்தை எடுக்கும்போது நேரம் போதவில்லை என்று முதலில் வெட்டப்படுவது ஹேஸ்டிங்ஸ்–கான்ஸ்டன்ஸ் காட்சிகள்தான். நகைப்பெட்டி ஏதோ குழப்பம் உண்டாக்கும் பொருளாகச் சுருங்கிவிடுகிறது. தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். வெட்ட வேண்டியிருந்தால் ஹார்ட்காஸ்லின் போர்க்கதைகளில் வெட்டுங்கள். மூன்றாம் அங்கத்தில் அவள் அத்தையிடம் நகை கேட்கும் காட்சியையும், ஐந்தாம் அங்கத்தில் அவள் ஓடமறுக்கும் காட்சியையும் முழுதாக நடியுங்கள். கான்ஸ்டன்ஸ் வேடத்தை உங்கள் குழுவின் மிகச் சிறந்த நடிகைக்குக் கொடுங்கள்.